பூட்டு யாருக்கு? சாவி யாரிடம்?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

வீடு என்றால் கதவு வேண்டும். கதவு என்றால் பூட்டு வேண்டும். திண்டுக்கல் பூட்டின் புகழை அறியாதார் நம் தமிழ்நாட்டில் இல்லை. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டை நாம் விலை கொடுத்து வாங்கும்போது, கடைக்காரர் பூட்டோடு சாவியையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார். "சாவி என் பட்டறையில் இருக்கும், கதவைத் திறக்க வேண்டும் என்றால் என்னைக் கேளுங்கள்" என்று பூட்டு செய்தவர் சொன்னால், அந்தப் பூட்டை யாராவது வாங்குவார்களா?

ஆனால் இன்று நாம் வீட்டுக்கு வாங்கிவரும் பல புதிய கருவிகளின் நிலை இதுதான். வாசலில் மாட்டும் சி.சி.டி.வி. கேமரா, இணையத்தைத் தரும் வைஃபை ரௌட்டர், கைபேசியால் ஏற்றி அணைக்கும் மின்விளக்கு ஆகியவற்றுக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் சாவி பெரும்பாலும் செய்த நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. இது முறையா? சாவியை எல்லோரிடமும் கொடுத்தால் திருடன் எளிதில் நுழைந்துவிட மாட்டானா? இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. அவற்றை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிக்குள் ஒரு கணினி

பழைய குண்டு பல்பைத் திறந்து பார்த்தால் ஓர் இழை மட்டுமே இருக்கும். கைபேசியால் இயங்கும் விளக்கினுள்ளோ ஒரு சிறு கணினியே இருக்கிறது. நகத்தளவு சில்லு ஒன்று வைஃபை வழியே கட்டளைகளைப் பெற்று விளக்கை ஏற்றுகிறது, அணைக்கிறது. சீன நாட்டு நிறுவனம் ஒன்று 2014-இல் வெளியிட்ட இ.எஸ்.பி. 8266 என்ற சில்லு மிக மலிவானது. ஆதலால் உலகெங்கும் பலவகை வீட்டுக் கருவிகளில் அது இடம் பெற்றது.

சில்லு தானாக எதையும் அறியாது. என்ன செய்ய வேண்டும் என்பதை அதற்குச் சொல்லும் நிரல் அதனோடு இணைந்த நினைவகத்திலேயே பதிந்திருக்கும். இதனை ஃபர்ம்வேர் என்பார்கள். நாம் இதனை உள்நிரல் என்று அழைப்போம். உள்நிரலை மாற்றினால் கருவியின் குணமே மாறிவிடும். நல்லவர் மாற்றினால் பழைய கேமராவும் புதிது போல் வேலை செய்யும். தீயவர் மாற்றினால் காவலுக்கு வைத்த கேமராவே வேவு பார்க்கத் தொடங்கும்.

ஆகவே நிறுவனங்கள் உள்நிரலுக்குப் பூட்டுப் போடுகின்றன. அந்தப் பூட்டு வேலை செய்யும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு மாணவி வேறு பள்ளியில் சேரப் போகும்போது மாற்றுச் சான்றிதழைக் காட்டுகிறாள். அதில் பழைய பள்ளியின் முத்திரையும் தலைமையாசிரியையின் கையொப்பமும் இருக்கின்றனவா, எழுத்து எதுவும் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறதா என்று புதிய பள்ளியில் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே இடம். அதுபோலவே, நிறுவனம் தான் எழுதிய உள்நிரலுக்குக் கணித முறையில் ஒரு கையொப்பம் இடுகிறது. கையொப்பம் இடும் சாவி இரகசியமானது. அது நிறுவனத்திடம் இருக்கும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி மட்டும் சில்லுக்குள் பதிந்திருக்கும். மின்சாரம் வந்தவுடன் சில்லு முதலில் கையொப்பத்தைச் சரிபார்க்கும். நிரலில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது இயங்க மறுத்துவிடும்.

பூட்டு ஏன் வேண்டும்?

"என் வீட்டுக் கேமரா கெட்டால் எனக்குத்தானே நட்டம்? ஊருக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு நிகழ்ச்சி அதற்கு விடை சொல்கிறது. அமெரிக்க இளைஞர்கள் மூவர் 'மிராய்' என்ற தீய நிரலை உருவாக்கினர். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் அது தேடித் தேடிப் பிடித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பொதுவான கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்றே அதன் ஆயுதம். பிறகு அந்த நிரல் வெளியே பரவியது. 2016 அக்டோபர் 21 அன்று அதனால் பிடிபட்ட கருவிகள் 'டின்' என்ற இணையச் சேவை நிறுவனத்தை ஒரே நேரத்தில் தாக்கின. ட்விட்டர் முதலிய புகழ்பெற்ற தளங்கள் பல மணி நேரம் முடங்கின. தங்கள் வீட்டுக் கேமரா அடியாளாக மாறியதை அவற்றின் சொந்தக்காரர்கள் அறியவே இல்லை!

நம் நாட்டிலும் அத்தகைய துன்பம் வந்தது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். இணைப்பில் இருந்த ஆயிரக்கணக்கான மோடங்கள் திடீரென்று செயலிழந்தன. 'அட்மின்' என்ற பழைய கடவுச்சொல்லை மாற்றாத மோடங்களையே தீய நிரல் தாக்கியிருந்தது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

ஆகவே வீட்டுக் கருவியின் பாதுகாப்பு ஒருவரின் சொந்த விஷயம் மட்டுமன்று. தெருக்குழாயை ஒருவர் அசுத்தப்படுத்தினால் தெரு முழுவதும் நோயுறும் அல்லவா? இணையமும் அத்தகைய பொதுக்குழாய்தான்.

இதனை உணர்ந்தே நம் அரசாங்கமும் சட்டம் கொண்டுவந்தது. 2024 ஏப்ரலில் மத்திய மின்னணுவியல் அமைச்சகம் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் புதிய விதிகளை அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதன்படி கேமராக்கள் சோதனைச் சாலையில் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். கையொப்பம் சரிபார்த்தே உள்நிரல் தொடங்க வேண்டும். உள்ளே பழுது பார்ப்பதற்காக விடப்படும் இணைப்பு முனைகள் மூடப்பட வேண்டும் அல்லது கடவுச்சொல்லால் காக்கப்பட வேண்டும். இவை வரவேற்கத்தக்க விதிகள் என்பதில் ஐயமில்லை.

சாவி ஏன் வேண்டும்?

இனி மறுபக்கத்தைக் காண்போம். நம் கடலூர் மாவட்டத்தில் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். வயதான பெற்றோர் ஊரில் தனியே இருப்பார்கள். வாசலில் ஒரு கேமரா, கூடத்தில் ஒரு கேமரா. அங்கிருந்தபடியே பிள்ளைகள் கைபேசியில் பெற்றோரைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அந்தக் கேமரா ஆடம்பரப் பொருள் அன்று. அது ஒரு துணை.

என் சித்தப்பா சிதம்பரத்தில் மின்னணுப் பொருள்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் நான் அங்கே இருந்தபோது ஒரு பெரியவர் கேமரா ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்.

"தம்பி, போன மாசம் வரைக்கும் நல்லா ஓடுச்சுப்பா. இப்ப துபாய்ல இருக்கிற மவனுக்குப் படமே தெரியலையாம். என்னன்னு பாரு" என்றார்.

சித்தப்பா திறந்து பார்த்தார். கண்ணாடி, சில்லு, மின்பாதை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. "ஐயா, கேமராவுக்கு ஒண்ணும் ஆகலை. இது வேலை செய்யணும்னா கம்பெனியோட சர்வர் அனுமதி கொடுக்கணும். அந்தச் சர்வரைக் கம்பெனிக்காரன் நிறுத்திட்டான். வேற நிரல் போட்டா ஓடும், ஆனா உள்ளே பூட்டு இருக்கு" என்றார்.

பெரியவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "காசு கொடுத்து வாங்குனது நானு. பூட்டு மட்டும் அவனுதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சித்தப்பாவிடம் விடை இல்லை. என்னிடமும் இல்லை. அந்தக் கேள்வியே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இது அந்தப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் வீட்டுக் கருவிகளை ஒருங்கே இயக்கும் 'ரிவால்வ்' என்ற பெட்டி விற்கப்பட்டது. அதனை நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் சேவையை நிறுத்தியதும் அப்பெட்டிகள் அனைத்தும் பயனற்றுப் போயின.

பூட்டு இல்லாத கருவியின் வரலாறு வேறு விதமானது. 2002-ஆம் ஆண்டு இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் நீலமும் கறுப்புமான ரௌட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உள்நிரலில் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருப்பது பின்னர் தெரியவந்தது. அந்த மென்பொருளின் உரிமப்படி நிரலின் மூலத்தை வெளியிட வேண்டும். நிறுவனமும் 2003-இல் வெளியிட்டது. அதனைக் கொண்டு ஆர்வலர்கள் 2004-இல் 'ஓப்பன்-டபிள்யு.ஆர்.டி.' என்ற உள்நிரலை உருவாக்கத் தொடங்கினர். நிறுவனங்கள் கைவிட்ட பல பழைய ரௌட்டர்களுக்கு அதன்மூலம் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன. மாற்றும் உரிமை பாதுகாப்புக்குப் பகை என்று நினைக்கிறோம். இங்கோ மாற்றும் உரிமையே பாதுகாப்பைத் தந்தது!

சாவி நிறுவனத்திடம் மட்டும் இருப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்கடா என்ற கேமரா நிறுவனத்தின் தலைமைக் கடவுச்சொல் வெளியார் கையில் சிக்கியது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், சிறைச்சாலை என்று ஏறத்தாழ 1,50,000 கேமராக்களின் காட்சிகள் அவர்களுக்குத் திறந்துவிட்டன. எல்லா வீட்டுச் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டினால், ஆணியைப் பறித்தவனுக்கு ஊரே சொந்தமாகிவிடும்.

பழுது பார்ப்போரின் பிழைப்பையும் நாம் மறக்கலாகாது. நம் மாவட்டம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பழகியது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூரைச் சூறையாடியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையாற்று வெள்ளம் கடலூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய நாள்களில் நனைந்த பொருள்களை உலர்த்தித் திறந்து உயிர் கொடுப்பவர்கள் இவர்களே. கருவியைத் திறக்கவே முடியாது என்றாகிவிட்டால் அவர்கள் கைத்திறன் வீணாகும். மின்னணுக் குப்பை மலைபோல் குவியும். 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்ததும், அதே ஆண்டு டிசம்பர் 24-இல் அதற்கென இணையதளம் திறந்ததும் இக்காரணங்களால்தான்.

உரிமைக்கும் எல்லை உண்டு

அப்படியானால் சொந்தக்காரர் எதையும் செய்யலாமா? அதுவும் முறையன்று. மூன்று எல்லைகளை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, பொருள் யாருடையது என்பது. வீட்டுச் சுவரில் இருந்தாலும் இ.பி. மீட்டர் பெரும்பாலும் நம்முடையதன்று. நம்முடையதேயானாலும் அதன் கணக்கு நமக்கும் ஊருக்கும் பொது. அதன் முத்திரையை உடைத்து அளவை மாற்றுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். மின்விசிறியோ நம்முடையது, அதனை நாம் கழற்றி மாட்டலாம். ரௌட்டர் வாடகைக்கு வந்ததா, விலைக்கு வாங்கியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பிறருக்கு இடையூறு. சொந்த வண்டியாயினும் அதன் அமைப்பை மனம்போல் மாற்றி ஓட்ட 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. சாலை எல்லோருக்கும் பொது என்பதே காரணம். வானலையும் அவ்வாறே பொது. ரௌட்டரின் அலை வலிமையை அளவுக்கு மீறி உயர்த்தினால் அது மற்றவர்களின் தொடர்பைக் கெடுக்கும்.

மூன்றாவது எல்லையைப் பற்றிப் பெண்களாகிய நாம் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். கேமராவின் சொந்தக்காரர் ஒருவர். அதன் பார்வையில் படுகிறவர் வேறொருவர். சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க எத்தனையோ ஊர்களிலிருந்து மாணவியர் வருகின்றனர். விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்குகின்றனர். வீட்டு வேலை செய்யும் அம்மா, குடியிருக்கும் குடும்பம், விருந்துக்கு வந்த பெண் ஆகியோர் எவரும் கேமராவின் உரிமையாளர் அல்லர். "கேமரா என்னுடையது, நான் எப்படியும் மாற்றுவேன்" என்ற உரிமை அவர்கள் மானத்தின்மேல் செல்லாது. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்கிறது. இதில் பூட்டு திறந்த கேமராவுக்கும் திறக்காத கேமராவுக்கும் வேறுபாடு இல்லை. நிரலை எப்படி மாற்றினார் என்று பார்ப்பதைவிட, அதைக் கொண்டு என்ன செய்தார் என்று பார்ப்பதே நியாயம்.

நடுவழி உண்டா?

உண்டு. அமெரிக்காவில் அலைவலிமை வரம்பை மீற வழி விட்டதற்காக டி.பி.-லிங்க் என்ற ரௌட்டர் நிறுவனத்துக்கு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2016 ஆகஸ்டில் 2,00,000 டாலர் அபராதம் விதித்தது. ஆனால் அதே உடன்பாட்டில், அலைவரம்பு கெடாதபடி பிறர் எழுதிய உள்நிரல்களையும் தன் ரௌட்டர்களில் ஏற்க வழி தேடுவதாக அந்நிறுவனம் வாக்களித்தது. பொதுநலனும் சொந்தக்காரர் உரிமையும் ஒரே தாளில் இடம் பெற்றன.

இதிலிருந்து நான் அறிந்துகொண்டவற்றைக் கீழே தருகிறேன்.

ஒன்று: கருவி பூட்டியே விற்கப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும்.

இரண்டு: திறக்கும் வழி கருவியின் உள்ளே, கையால் தொட்டு இயக்கும் பொத்தானாக இருக்க வேண்டும். எங்கோ இருக்கும் திருடன் இணையம் வழியே ஆயிரம் கருவிகளைத் தாக்கலாம். ஆனால் ஆயிரம் வீட்டுக்குள் நுழைந்து ஆயிரம் பொத்தான்களை அழுத்த அவனால் ஆகாது. வீட்டில் இருப்பவருக்கோ அது எளிது.

மூன்று: திறந்தவுடன் உள்ளே சேர்ந்திருக்கும் படங்களும் கடவுச்சொற்களும் தாமாக அழிந்துவிட வேண்டும். அப்போது களவுபோன கருவியிலிருந்து திருடனுக்கு எதுவும் கிடைக்காது. குரோம்புக் என்ற மடிக்கணினிகளில் இந்த ஏற்பாடு முன்பே உண்டு. அவற்றைத் திறந்தால் உள்ளிருக்கும் தகவல் அழியும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் திரையில் எச்சரிக்கை தோன்றும். அந்த எச்சரிக்கையும் நல்லதே. பழைய பொருளை வாங்குகிறவர் அது மாற்றப்பட்டது என்பதை அறிந்துகொள்வார்.

நான்கு: எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தரப்படும் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இது சட்டம். அந்தக் காலம் முடிந்ததும் சாவியைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஐந்து: அலையை வெளியிடும் பகுதிக்கு மட்டும் தனிப் பூட்டு இருக்கலாம். அதற்காக முழுக் கருவியையும் பூட்டத் தேவையில்லை.

இவ்வழியிலும் ஒரு குறை உண்டு. பூட்டைத் திறந்த சொந்தக்காரர் தகுதியற்ற நிரலை ஏற்றி, தம் கருவியைத் தாமே பலவீனமாக்கிவிடலாம். உண்மைதான். ஆனால் திருத்தம் நின்றுபோன கருவியைப் பூட்டியே வைத்திருப்பதும் அதே பலவீனத்தைத்தான் தருகிறது. முன்னதில் திருத்திக்கொள்ள வழி உண்டு. பின்னதில் குப்பைத் தொட்டி ஒன்றே வழி.

நாம் செய்யக் கூடியவை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோழியரே, இன்று மாலையே வீட்டில் அப்பா அம்மாவுடன் அமர்ந்து ரௌட்டருக்கும் கேமராவுக்கும் பழைய கடவுச்சொல் இருந்தால் மாற்றிவிடுங்கள். பிறந்த நாளையும் செல்லப் பெயரையும் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். திருத்தம் வந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். படுக்கையறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா வேண்டவே வேண்டாம். பழைய கேமராவை விற்கும் முன் அதிலுள்ளவற்றை அழித்துவிடுங்கள்.

புதிய கருவி வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஆண்டு திருத்தம் வரும்? நிறுவனத்தின் சர்வர் நின்றால் இது வேலை செய்யுமா? பழுதானால் நம் ஊரிலேயே சரிசெய்ய முடியுமா? திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரம் மேல வீதியிலும் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால், விற்பவர்கள் விடை தேடிவைப்பார்கள்.

முடிவுரை

பூட்டு திருடனுக்காக, வீட்டுக்காரருக்காக அன்று. திருடனைத் தடுக்கும் பூட்டைப் போற்றுவோம். வீட்டுக்காரரையே வெளியே நிறுத்தும் பூட்டைக் கேள்வி கேட்போம். சாவியைப் பெற்றவர்கள் அதனைப் பொறுப்போடு வைத்துக்கொள்ளவும் வேண்டும். பொறுப்பில்லாத உரிமை அண்டை வீட்டாரைச் சுடும். உரிமையில்லாத பாதுகாப்பு நம்மை நம் வீட்டிலேயே விருந்தாளி ஆக்கிவிடும். கருவியைத் திறந்து பார்த்துக் கற்கும் கைகள் நம் மாணவியரிடையே பெருகினால், நாளை சாவி கொடுக்கும் கருவிகளை நம்மவர்களே செய்வார்கள். அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அன்று நேரான விடை கிடைக்கும்.